உதவப் போனவளுக்கே மெமோ கொடுத்தால்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): கும்பகோணத்தில் 80 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். நான் சேர்ந்த புதிதில் என் வார்டு பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அப்படி ஒத்தாசையாக இருப்பார்கள். இப்போது எல்லாம் 'என் பேஷண்ட், என் சார்ட், என் நேரம்' என்று ஆகிவிட்டது. பக்கத்து பெட்டில் ட்ரிப்ஸ் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறினாலும் "அது என் பெட் இல்லை சிஸ்டர்" என்கிறார்கள். ராத்திரி எட்டு அடித்தால் அடுத்த ஷிஃப்டுக்கு ஓவர் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நிர்வாகம் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூப்பிடலாம் என்கிறது, அப்ரைசலில் (வேலை மதிப்பீட்டில்) 'தானாக முன்வந்து உதவுதல்' என்று 10 மார்க் வைக்கலாம் என்றும் சொல்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு புதுப் பெண்ணுக்கு நைட் டியூட்டியில் ஊசி குத்திவிட்டது, மறுநாள் காலையில்தான் சொன்னாள், அதற்கு மெமோ கொடுத்தார்கள், அதில் எல்லோருக்கும் கொஞ்சம் மனக்கசப்பு. அது வேறு விஷயம். இந்தப் பிள்ளைகளின் மனதை எப்படி மாற்றுவது? (மெமோ நகல் இணைத்திருக்கிறேன்.)

பதில்:

சிஸ்டர், 'அது வேறு விஷயம்' என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். உங்கள் கேள்விக்கான பதில் முழுக்க அந்த வரியில்தான் இருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பெண். அவளுக்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊசி குத்தினால் எச்ஐவி தொற்ற வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான், ஹெபடைடிஸ் சி 2 சதவீதத்துக்கும் கீழ், ஆனால் தடுப்பூசி போடாத ஆளுக்கு ஹெபடைடிஸ் பி 30 சதவீதம் வரை போகலாம். நம் பிள்ளைகள் எச்ஐவியை நினைத்துத் தூக்கத்தைத் தொலைப்பார்கள், பி-யை மறந்தே போவார்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்கினால் ரொம்ப நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை, தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். அவள் மறுநாள் காலையிலேயே சொல்லியிருக்கிறாள், அதாவது முழுசாக இரண்டு நாளுக்கு மேல் கையில் இருந்திருக்கிறது, அந்த நேரத்தில் அவளை அரசு மருத்துவமனை ஏஆர்டி மையத்துக்கு (எச்ஐவி சிகிச்சை மையம்) யாரும் கூட்டிப் போனதாக நீங்கள் எழுதவில்லை, மெமோ டைப் அடித்ததை மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். சரி, போனது போகட்டும். இந்த வாரமே எச்ஐவி, ஹெச்பிஎஸ்ஏஜி (ஹெபடைடிஸ் பி), ஹெச்சிவி (ஹெபடைடிஸ் சி) மூன்றுக்கும் ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள், மறுபடி மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டிருக்கிறாளா என்று கேளுங்கள், படிக்கும்போது காலேஜில் ஒரு டோஸ் போட்டதோடு நிற்கிறவர்கள் நிறையப் பேர். மூன்றும் போட்டிருந்தால் ஆன்டி-ஹெச்பிஎஸ் (தடுப்பூசியால் வந்த எதிர்ப்புச் சக்தி) அளவு 10-க்கு மேல் இருக்கிறதா பார்க்க வேண்டும். போடாவிட்டால் இன்றைக்கே முதல் டோஸ், ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. பரிசோதனை எல்லாம் முடியும்வரை ரத்ததானம் வேண்டாம், கல்யாணமான பெண்ணாக இருந்தால் ஆணுறை இல்லாமல் சேர வேண்டாம் என்பதையும் யாராவது ஒரு பெரியவர் பக்குவமாகச் சொல்ல வேண்டும், அது நீங்கள்தான். எச்ஐவி பற்றி வெளியாளிடம் கேட்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தால் 1097 இலவச எண் இருக்கிறது. செலவு மருத்துவமனையுடையது. அவள் சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடிக்கக்கூடாது.

இப்போது மெமோவுக்கு வருவோம். அதில் இரண்டு கேள்வி. 'ரீகேப் செய்யக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியும் ஏன் செய்தீர்கள்?' இது முதல் கேள்வி, அதாவது பயன்படுத்திய ஊசிக்கு ஏன் மறுபடி மூடி போட்டீர்கள் என்று. 'உங்களுக்கு ஒதுக்கப்படாத நோயாளியிடம் ஏன் சென்றீர்கள்?' இது இரண்டாவது. இரண்டாவதை இன்னொரு தடவை படியுங்கள். அன்றைக்கு நடந்தது என்னவென்று மெமோவிலேயே இருக்கிறது, பூச்சிமருந்து குடித்து வந்தவர், விஷமுறிவு மருந்தான அட்ரோபின் ஓடிக்கொண்டிருக்கிறது, நள்ளிரவில் கையைக் காலை உதறி வென்ஃப்ளானை (நரம்பில் போட்டிருந்த ட்ரிப்ஸ் குழாயை) பிடுங்கிவிட்டார், அந்த பெட்டைப் பார்க்கிற சிஸ்டர் தனியாகத் திணறுகிறாள், வார்டின் மறுபக்கத்தில் இருந்த இந்தப் பெண் ஓடிப்போய்ப் பிடித்திருக்கிறாள், மறுபடி வெயின் போட்டிருக்கிறாள். பயன்படுத்திய ஊசியைப் போடுகிற ஷார்ப்ஸ் டப்பா நர்சிங் ஸ்டேஷனில் இருக்கிறது. ஊசியைத் திறந்த மேனிக்குக் கையில் வைத்துக்கொண்டு, தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிற அட்டெண்டர்களை (நோயாளிகளின் சொந்தக்காரர்களை) தாண்டி அவ்வளவு தூரம் எப்படி நடப்பாள்? மூடியிருக்கிறாள். குத்திவிட்டது. யாரும் சொல்லாமல் அவளாகப் போய்ச் செய்த உதவி அது. நீங்கள் இப்போது 10 மார்க் போட்டு வரவழைக்கப் பார்க்கிற அதே குணம், அதற்குத்தான் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

"அது என் பெட் இல்லை சிஸ்டர்" என்று அந்தப் பிள்ளைகள் சும்மா சொல்லவில்லை, உங்கள் அலுவலகம் எழுத்தில் கொடுத்த உத்தரவைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள்.

வேலை இடத்துப் பாதுகாப்பைப் பற்றி 1980-ல் டோவ் ஜோஹார் என்கிற ஆய்வாளர் இஸ்ரேலில் 20 தொழிற்சாலைகளில் பார்த்து எழுதினார். சுவரில் என்ன போஸ்டர் ஒட்டியிருக்கிறது என்பதைத் தொழிலாளர்கள் கணக்கில் எடுப்பதில்லை, நிர்வாகம் நிஜமாகவே எதை மதிக்கிறது என்று தங்களுக்குள் ஒரு பொதுவான எண்ணம் வைத்திருக்கிறார்கள், அதை வைத்துத்தான் நடந்துகொள்கிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். பாதுகாப்புச் சூழல் என்று ஆய்வாளர்கள் சொல்வது இதைத்தான். அந்த எண்ணம் உருவாவது வகுப்பறையில் கிடையாது, வேலைக்கும் பாதுகாப்புக்கும் இடையில் இழுபறி வருகிற நேரத்தில் மேலே இருப்பவர் எந்தப் பக்கம் நின்றார் என்று பார்த்து உருவாகிறது. உங்கள் வார்டில் அந்த இழுபறி அன்றைக்கு ராத்திரி வந்தது. மறுநாள் காலை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பாதுகாப்புக்கும் உதவி செய்வதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் நிர்வாகி கேட்பார். நீங்கள் நம்ம பக்கத்து ஆள், சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆடி மாதம் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் மொய் விருந்து போடுகிறார்களே, அங்கே நோட்டில் எழுதிய தொகை யாருக்கும் மறக்காது, திருப்பிச் செய்கிற முறை வரும்போது கணக்குப் பார்த்துச் செய்வார்கள். வேலை இடத்திலும் ஒரு மொய் நோட்டு உண்டு, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். என் உடம்புக்கு ஒன்று என்றால் இந்த இடம் என்ன செய்தது, பஸ் போன பிறகு ஓவர் கொடுக்க வைத்தபோது எப்படி வீட்டுக்குப் போனேன், அட்டெண்டர் கையை ஓங்கியபோது யார் முன்னால் வந்து நின்றார், இதெல்லாம் எழுதப்படுகிறது. சம்பளத்துக்கான வேலையைச் சம்பளத்துக்குச் செய்வார்கள். அதற்கு மேல் செய்வதெல்லாம் இந்த நோட்டைப் பார்த்துத்தான். பீட்டர் பிளா என்கிற சமூகவியலாளர் 1964-ல் இதைச் சமூகப் பரிமாற்றம் என்று எழுதிவைத்தார், நம் பாட்டிகளுக்கு அதற்கு முன்னாலேயே தெரியும்.

இந்த விஷயத்தில் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் கேள்வித்தாள் கொடுத்து எடுத்தவை, அதனால் பாதுகாப்பு நன்றாக இருப்பதால் உதவுகிறார்களா, உதவுகிறவர்கள் இருப்பதால் வார்டு பாதுகாப்பாக இருக்கிறதா என்று அவற்றை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இரண்டும் உண்டு என்பது என் எண்ணம். ஆனால் உங்கள் வார்டில் எது முதலில் உடைந்தது என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டாம், காலண்டர் போதும். இவர்கள் எந்த மாதத்திலிருந்து மாறினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மெமோவுக்கு முன்னாலேயே என்றால் அதற்கு முன்னால் இன்னொரு மெமோ இருந்திருக்கும், அல்லது ஒரு அடிதடியை மூடி மறைத்திருப்பார்கள்.

இன்னொன்று, இது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கும். நீங்கள் பிள்ளைகளிடம் பாசமாக இருப்பவர் என்பது கடிதத்தில் தெரிகிறது, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறீர்கள், ஊருக்குப் போக ஆஃப் மாற்றிக் கொடுக்கிறீர்கள். அந்தப் பாசம் மட்டும் போதாது. 2003-ல் ஹாஃப்மன், மோர்கெசன், கெராஸ் மூன்று பேரும் அமெரிக்க ராணுவத்துக் குழுக்களில் பார்த்தது இது: மேலாளரோடு உறவு நன்றாக இருந்தால் ஆட்கள் கூடுதலாக ஏதாவது செய்து அதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்தான், ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் திருப்பிக் கொடுப்பது, அந்தக் குழுவில் பாதுகாப்புக்கு மதிப்பு இருந்தால்தான் நன்றாக நடக்கிறது. அதாவது உங்கள் மேல் இருக்கிற பிரியத்துக்கு அந்தப் பெண் உங்களுக்காக இன்னொரு நைட் பார்ப்பாள், ஆனால் "சிஸ்டர், அந்த பெட்டுக்கு பெட் ரெயில் உடைந்திருக்கிறது, நான் எழுதிவைத்துவிட்டேன்" என்று சொல்ல மாட்டாள். எது மதிக்கப்படுகிறதோ அந்தக் காசில்தான் கடனை அடைப்பார்கள்.

தவறைச் சொல்வதும் உதவிதான், எனக்குக் கேட்டால் வார்டில் இருக்கிற உதவிகளிலேயே பெரியது அதுதான், ஏனென்றால் சொல்கிறவளுக்கு அதில் நஷ்டத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஏமி எட்மண்ட்சன் 1996-ல் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளைப் பற்றி ஆய்வு வெளியிட்டார். நல்ல தலைமை இருக்கிற வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, அங்கேதான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. காரணம், அங்கே வெளியே சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள். உங்கள் மாதாந்திர அறிக்கையில் 'நீடில் ஸ்டிக் (ஊசி குத்திய சம்பவம்): இல்லை' என்று தொடர்ந்து வருகிறது என்றும் ஒரு இடத்தில் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்தபோதுதான் பயம் வந்தது.

சரி, என்ன செய்யலாம். மருத்துவமனை முழுவதையும் உங்களால் மாற்ற முடியாது, ஆனால் வார்டு உங்கள் கையில் இருக்கிறது, அது சின்ன விஷயம் இல்லை. அதே ஜோஹார் 2002-ல் இன்னொரு வேலை செய்தார், மேற்பார்வையாளர்கள் தங்கள் ஆட்களோடு பேசும் பேச்சில் பாதுகாப்பைப் பற்றி எத்தனை தடவை பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்து வாரா வாரம் அவர்களுக்கே காட்டினார், பேச்சு கூடியது, சின்னச் சின்னக் காயங்கள் குறைந்தன. பேச்சு என்றால் லெக்சர் இல்லை. காலையில் ஓவர் எடுக்கும்போது பெட் வாரியாகச் சொல்கிறீர்கள் இல்லையா, அதோடு ஒரே ஒரு கேள்வி, "ராத்திரி யாருக்காவது ஏதாவது ஆச்சா, ஆகப் பார்த்ததா?" இதைத் தினமும் கேளுங்கள். முதல் பத்து நாள் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அப்புறம் ஒருத்தி, ஐப்பசி மழையில் அட்டெண்டர்கள் ஈரக்காலோடு வந்து பாத்ரூம் வாசலில் தரை வழுக்குகிறது என்று சொல்வாள். அன்றைக்கு மத்தியானத்துக்குள் அங்கே ஒரு சாக்காவது விரிக்கப்பட்டிருக்க வேண்டும். அது நடந்தால்தான் அடுத்தவள் பெரிய விஷயத்தைச் சொல்வாள்.

ஷார்ப்ஸ் டப்பாவை நர்சிங் ஸ்டேஷனில் வைக்காதீர்கள், ட்ரேயோடு பெட்டுக்குப் போக வேண்டும். குத்தினால் ஓட்டை விழாத வெள்ளை டப்பா, 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிகளில் உள்ளதுதான். அதே விதிகளில் ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டியதும் வருஷம் ஒரு தடவை உடல் பரிசோதனை செய்ய வேண்டியதும் மருத்துவமனையின் கடமை. வேலையில் தொற்று ஆபத்து உள்ளவர்களுக்கு எச்ஐவி தடுப்பு மாத்திரை கிடைக்கச் செய்ய வேண்டும் என்று 2017 எச்ஐவி சட்டம் சொல்கிறது. நிர்வாகத்திடம் இதை யாசகமாகக் கேட்க வேண்டியதில்லை. என்ஏபிஹெச் அங்கீகாரத்துக்கு (மருத்துவமனைத் தரத்துக்கான தேசிய அங்கீகாரம்) முயற்சி செய்கிறார்கள் என்றால் இன்னும் சுலபம், ஊசி குத்திய சம்பவங்களைப் பதிவு செய்வதை அவர்களே கேட்பார்கள், அந்த வார்த்தையைச் சொன்னால் எந்த நிர்வாகியும் நிமிர்ந்து உட்காருவார்.

பூச்சிமருந்து கேஸ் பற்றித் தனியாக ஒரு வார்த்தை, ஏனென்றால் டெல்டாவில் இது எந்தப் பருவத்திலும் ஓயாது, மருந்து வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. அட்ரோபின் ஓடுகிற பேஷண்ட் எந்த நேரமும் புத்தி தடுமாறி உதறுவார் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். அப்படியிருக்க, அந்த பெட்டில் வெயின் போடுவது எப்போதும் இரண்டு பேர் வேலை என்று எழுதிவையுங்கள், அந்த இரண்டாவது ஆள் யார் என்று நைட் டியூட்டி தொடங்கும்போதே பெயர் சொல்லிவிடுங்கள். அப்போது ஓடிப்போய்ப் பிடிப்பது 'ஒதுக்கப்படாத நோயாளியிடம் சென்றது' ஆகாது. வாந்தி பட்ட துணியைக் கழற்றி பையில் கட்டி வைப்பதற்கும் கையுறை வேண்டும், நைட்ரைல் கையுறையாக இருந்தால் நல்லது, மருந்து தோல் வழியாகவும் போகும். ஆயாம்மா வெறுங்கையோடுதான் அதைத் தூக்குகிறார் என்பது என் அனுமானம். தப்பாக இருந்தால் சந்தோஷம்.

எட்டு மணிக்குப் பையைத் தூக்குகிறார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? வலங்கைமான், பாபநாசம், ஆடுதுறைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்கு அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது, இறங்கியபின் இருட்டில் வாய்க்கால் கரையில் நடக்க வேண்டும். இதுவும் வேலை இடத்துப் பாதுகாப்புதான். மருத்துவமனை வண்டி ஒன்று எட்டரைக்கு பஸ் ஸ்டாண்டு வரை, தேவைப்பட்டால் வீடு வரை போகும் என்று உறுதி கொடுத்துப் பாருங்கள், ஓவரில் பத்து நிமிஷம் கூட நிற்க யாருக்கும் மனசு இல்லாமல் போகாது. கஜா புயல் அடித்த 2018 நவம்பரில், வீட்டு ஓடு பறந்துபோன மறுநாளே டியூட்டிக்கு வந்து நின்ற நர்ஸ்களை எனக்குத் தெரியும், இதே ஊர்ப் பிள்ளைகள்தான். மனதை மாற்ற வேண்டிய தலைமுறை என்று இவர்களைப் பற்றி எந்த நிர்வாகி பேசினாலும் எனக்குக் கோபம் வருகிறது.

அதே சமயம் ஒரு எச்சரிக்கை. உதவி திரும்பி வந்தபிறகு நிர்வாகம் அதன் மேல் சவாரி செய்யும். 'நம்ம சிஸ்டர்ஸ் அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க' என்று சொல்லி ஆள் போடாமல் விடுவார்கள். லிண்டா ஐக்கன் குழு 2002-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளை வைத்துக் காட்டியது நினைவிருக்கட்டும், ஒரு நர்ஸின் கையில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. ஆள் இல்லாத ஓட்டையை நல்ல மனசால் அடைக்க முடியாது. டபுள் டியூட்டி பார்க்கச் சொல்லிவிட்டு அதற்குச் சம்பளம் தராமல் இருப்பதற்கு உதவி என்று பெயர் வைக்காதீர்கள். எல்லா வார்டிலும் மறுத்துப் பேசத் தெரியாத ஒருத்தி இருப்பாள், எல்லோருடைய நைட்டும் அவள் தலையில் விழும், முதலில் வேலையை விட்டுப் போகிறவளும் அவள்தான். அவள் பெயர் இப்போதே உங்கள் மனதில் வந்திருக்கும். அடுத்த மாத ரோஸ்டர் போடும்போது அவளைக் கவனியுங்கள்.

அப்ரைசல் மார்க் வேண்டவே வேண்டாம். 1988-ல் டென்னிஸ் ஆர்கன் இந்த மாதிரி நடத்தையை வரையறுத்தபோதே, முறையான வெகுமதித் திட்டத்தில் நேரடியாக இடம்பெறாதது, ஆளின் சொந்த விருப்பத்தில் வருவது என்றுதான் சொன்னார். மார்க் போட்டால் நீங்கள் பார்க்கிறபோது மட்டும் உதவுவார்கள், உதவியதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்து காட்டுவார்கள், யாருக்கு எத்தனை மார்க் என்று ஒரு புதுச் சண்டை கிளம்பும். நிர்வாகம் விடாப்பிடியாக ஏதாவது ஒன்றுக்கு மார்க் போட்டே தீருவேன் என்றால், அதை இன்சார்ஜ்களுக்குப் போடச் சொல்லுங்கள், பிள்ளைகள் கொண்டுவந்த பாதுகாப்புப் பிரச்சினைகளில் எத்தனையை முடித்துக் கொடுத்தீர்கள் என்று. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த மெமோவை எழுத்தில் திரும்பப் பெற வையுங்கள். "விடும்மா, ஒண்ணும் இல்லை" என்று வாயால் சொன்னால் பேப்பர் ஃபைலிலேயே கிடக்கும், நாளைக்கு அனுபவச் சான்றிதழ் கேட்கும்போது யாராவது தூக்கிக் காட்டுவார்கள். திரும்பப் பெற்றதை ஓவர் நேரத்தில் எல்லோர் முன்னாலும் நீங்களே படியுங்கள், அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல். நிர்வாகம் முடியாது என்றால், நடந்ததை உங்கள் கையெழுத்தில் ஒரு சம்பவ அறிக்கையாக எழுதி, டப்பா எங்கே இருந்தது, எத்தனை பேருக்கு எத்தனை ஸ்டாஃப் இருந்தார்கள் என்று குறிப்பிட்டு, அதே ஃபைலில் மெமோவுக்குப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள், ஒரு நகலை அவளிடம் கொடுங்கள்.

பேச்சாளருக்கு ஒதுக்கிய பணம் இருக்கிறதல்லவா, அதில் வார்டு முழுக்க ஆன்டி-ஹெச்பிஎஸ் பார்த்துவிடச் சொல்லுங்கள், விட்டுப்போன டோஸ்களையும் போட்டுவிடலாம். ஆயாம்மாவையும் குப்பை எடுக்கிற ஹவுஸ்கீப்பிங் ஆட்களையும் அந்தப் பட்டியலில் முதலில் எழுதுங்கள், கான்ட்ராக்ட் ஆட்கள் என்று ஒதுக்கிவிடப் பார்ப்பார்கள்.